டி.வி.யில் படம் மங்கலா? பெட்டியைத் திறக்கும் முன்...

சுவரில் மாட்டும் தட்டை டி.வி.க்கள் வந்த பிறகு, முதுகு புடைத்த பழைய பெட்டிகளை எல்லாரும் பங்கார்வாலாவிடம் போட்டுவிட்டார்கள் என்று நினைப்பவர்கள் உண்டு. அப்படியில்லை. தாராவியிலும், மாட்டுங்காவின் பழைய கட்டடங்களிலும், டோம்பிவிலிப் பக்கத்து ஓர் அறை வீடுகளிலும் அவை இன்னமும் ஓடிக்கொண்டிருக்கின்றன. பெரும்பாலும் அவற்றின் எதிரே உட்கார்ந்திருப்பவர்கள் வயதானவர்கள். பிள்ளைகள் கூடத்துக்குப் பெரிய டி.வி. வாங்கியதும் உள்ளறைக்கு நகர்த்தப்பட்ட பெட்டி அது. ஆனால் ரிமோட்டில் எந்தப் பொத்தான் எங்கே என்பது அவர்கள் விரலுக்கே தெரியும். மகனும் மருமகளும் எட்டு மணி லோக்கலைப் பிடித்துப் போன பிறகு, பகல் முழுவதும் தனியாக இருக்கும் ஒரு தாயாருக்குத் தமிழ்க் குரல் கேட்கும் ஒரே வழி அந்தப் பெட்டிதான்.

அந்தப் பெட்டியில் ஒரு நாள் படம் மங்குகிறது. உடனே வீட்டில் மூன்று தீர்ப்புகள் பிறக்கின்றன. "டியூப் போயிடுச்சு" என்பது ஒன்று. "தூக்கிப் போட்டுடலாம்" என்பது இரண்டாவது. "நானே பின்பக்கம் கழற்றிப் பார்க்கிறேன்" என்பது மூன்றாவது. மூன்றுமே அவசரத் தீர்ப்புகள். மூன்றாவது, ஆபத்தான தீர்ப்பும்கூட.

டி.வி. சர்வீஸில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் உழன்றவன் என்பதால் சங்க நண்பர்கள் பலரும் இதைப் பற்றி என்னிடம் கேட்கிறார்கள். எல்லாருக்கும் சேர்த்து இங்கே சொல்லிவிடுகிறேன். மங்கல் என்பது காய்ச்சலைப் போல ஓர் அறிகுறி. காய்ச்சல் மலேரியாவாலும் வரும், தொண்டைப் புண்ணாலும் வரும். எதனால் வந்தது என்று தெரியாமல் மருந்து கொடுக்கும் வைத்தியரை நாம் நம்புவதில்லை. டி.வி. விஷயத்தில் மட்டும் ஏன் நம்ப வேண்டும்?

படம் நம்மிடம் வந்து சேரும் வழி நீளமானது. செட்-டாப் பாக்ஸ், அதிலிருந்து வரும் ஒயர், பெட்டிக்குள் இருக்கும் சர்க்யூட், பிக்சர் டியூப், அதன் முன்பக்கக் கண்ணாடி, கடைசியாக நம் கண். இந்தச் சங்கிலியில் எந்தக் கண்ணி தளர்ந்தாலும் நமக்குத் தெரிவது ஒன்றுதான், மங்கல்! எந்தக் கண்ணி என்று கண்டுபிடிப்பதில் முக்கால் பங்கு வேலையை, ஸ்க்ரூ டிரைவரைத் தொடாமல் நாற்காலியில் உட்கார்ந்தபடியே செய்துவிடலாம்.

சேனல் எண் சொல்லும் சாட்சி

முதல் சோதனை இது. டி.வி.யின் ரிமோட்டை எடுங்கள். செட்-டாப் பாக்ஸின் ரிமோட் வேண்டாம், டி.வி.யுடையது. அதில் ஒலி கூட்டும் பொத்தானை அழுத்துங்கள். திரையில் பச்சையாகவோ மஞ்சளாகவோ ஒரு கோடோ எண்ணோ வரும். அதன் ஓரங்களை உற்றுப் பாருங்கள்.

அந்த எழுத்தும் கோடும் ஒயர் வழியாக வெளியிலிருந்து வருபவை அல்ல. பெட்டிக்குள்ளேயே இருக்கும் ஒரு சிறு சிப் அவற்றை உண்டாக்கி, நேரே பிக்சர் டியூபுக்கு அனுப்புகிறது. எனவே அவை கத்தியால் வெட்டியது போல் தெளிவாக இருந்து, படம் மட்டும் மங்கலாக இருந்தால் டியூபின் மேல் குற்றமில்லை. கோளாறு பாக்ஸிலோ ஒயரிலோ, அபூர்வமாகப் பெட்டியில் சிக்னல் நுழையும் பகுதியிலோ இருக்கிறது. எழுத்தும் படமும் சேர்ந்தே கரைந்து தெரிந்தால், கோளாறு டியூபிலோ அதை ஒட்டிய பகுதியிலோ இருக்கிறது. பத்து விநாடி வேலை. இதைச் செய்யாமலே "டியூப் மாற்ற வேண்டும்" என்று சொல்லும் மெக்கானிக்கை அன்போடு அனுப்பிவிடலாம்.

ரிமோட் இல்லாத, திருகு வைத்த பழைய பெட்டியா? எந்த நிலையமும் வராத சேனலுக்குத் திருப்புங்கள். 'சர்' என்ற இரைச்சலோடு புள்ளிகள் கொதிக்கும். அந்தப் புள்ளிகள் எள்ளைத் தூவியது போல் தனித்தனியாகத் தெரிந்தால் டியூபின் ஃபோகஸ் நன்றாக இருக்கிறது. பஞ்சு போல் மெத்தென்று தெரிந்தால் ஃபோகஸ் கெட்டிருக்கிறது.

இன்னும் நிச்சயம் வேண்டுமானால் படிக்க உதவும் பூதக்கண்ணாடியை எடுத்துத் திரையருகே வைத்துப் பாருங்கள். நம் நாட்டு முறையில் ஒரு முழுப் படம் 625 கோடுகளால் ஆனது. கண்ணுக்குத் தெரிபவை ஏறத்தாழ 575. குறுக்கே அடுக்கியிருக்கும் அந்தக் கோடுகள் தனித்தனியாகத் தெரிகின்றனவா, ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு விட்டனவா என்று பார்த்தாலே பாதி விஷயம் விளங்கிவிடும்.

ஆன்டெனா காலத்து ஆவிகள்

மும்பைத் தூர்தர்ஷன் 1972-ம் ஆண்டு அக்டோபர் 2-ம் தேதி தொடங்கியது. ஒர்லியில் நிற்கும் 300 மீட்டர் கோபுரத்தை நோக்கி நகரத்தின் மொட்டை மாடிகள் எல்லாம் அலுமினிய முள் காட்டிய காலம் ஒன்றிருந்தது. ஞாயிற்றுக்கிழமை மதியம் மாநில மொழிப் படங்களைப் போடுவார்கள். தமிழின் முறை வரும் வாரத்தில், அக்கம்பக்கத்துத் தமிழ்க் குடும்பங்கள் எல்லாம் ஒரே வீட்டில் கூடிவிடும். சென்னையில் செய்யப்பட்ட சாலிடேர், டயனோரா பெட்டிகளை ஊரிலிருந்து கொண்டு வந்தவர்கள் உண்டு. படம் மங்கினால் ஒருவர் மாடியேறி ஆன்டெனாவைத் திருப்புவார். இன்னொருவர் ஜன்னலில் நின்று "ஆங், இப்ப வந்துச்சு... போச்சு போச்சு, இன்னும் கொஞ்சம் திருப்பு!" என்று கத்துவார்.

அந்தக் காலத்து மங்கல் இரண்டு வகை. ஒன்று, புள்ளி மழை. சிக்னல் பலவீனமாக இருந்தால் வரும். மற்றது, உருவத்துக்கு வலப்பக்கம் இன்னொரு மெல்லிய உருவம். அதை 'கோஸ்ட்', அதாவது ஆவி என்போம். ஒர்லியிலிருந்து நேரே வரும் அலை ஒன்று. பெரிய கட்டடத்தில் மோதித் திரும்பிச் சற்றுத் தாமதமாக வருவது இன்னொன்று. தாமதமாக வந்தது திரையில் வலப்பக்கம் தள்ளி விழுகிறது.

இதில் ஒரு சுவையான கணக்கு உண்டு. ஒரு கோட்டை இடமிருந்து வலமாக எழுத டி.வி. எடுத்துக்கொள்ளும் நேரம் 52 மைக்ரோ விநாடி. 21 அங்குலப் பெட்டியின் திரை ஏறத்தாழ 40 சென்டிமீட்டர் அகலம். அப்படியானால் ஒரு சென்டிமீட்டருக்கு 1.3 மைக்ரோ விநாடி. அந்த நேரத்தில் ரேடியோ அலை ஏறத்தாழ 400 மீட்டர் ஓடிவிடும். ஆவி உருவம் ஒரு சென்டிமீட்டர் தள்ளித் தெரிந்தால், அது 400 மீட்டர் கூடுதலாகச் சுற்றிக்கொண்டு வந்திருக்கிறது! இந்தக் கணக்கை வைத்துக்கொண்டு, எந்தக் கட்டடம் குற்றவாளி என்று மாடியில் நின்று ஊகித்து, ஆன்டெனாவை அதற்கு முதுகு காட்டித் திருப்பியதுண்டு.

கேபிள் வந்த பிறகு வேறு ஒரு வேடிக்கை நடந்தது. தாதர், பிரபாதேவி போன்ற ஒர்லிக்கு அருகிலுள்ள இடங்களில் ஆவி இடப்பக்கம் தெரிந்தது. காரணம், கோபுரத்தின் சிக்னல் அத்தனை வலுவானது. ஒயரே இல்லாமல் நேரே பெட்டிக்குள் புகுந்து, கேபிளில் சுற்றி வரும் சிக்னலுக்கு முன்பே வந்து உட்கார்ந்துவிடும். கேபிள்காரர் அந்த நிலையத்தை வேறு சேனலுக்கு மாற்றிக் கொடுத்ததும் ஆவி ஓடிவிடும்.

இந்தப் பழங்கதை இப்போது எதற்கு என்று கேட்பீர்கள். காரணம் இருக்கிறது. மும்பையில் 2012-ம் ஆண்டு அக்டோபர் 31-ம் தேதியோடு கேபிள் டி.வி. டிஜிட்டலுக்கு மாறியது. ஆன்டெனாவுக்கு வந்துகொண்டிருந்த தூர்தர்ஷனின் பழைய முறை ஒளிபரப்பும் 2022 மார்ச் வாக்கில் நாட்டின் பெரும்பாலான இடங்களில் நிறுத்தப்பட்டுவிட்டது. டிஜிட்டல் சிக்னல் பலவீனமானால் புள்ளி மழையோ ஆவியோ வராது. படம் கட்டம் கட்டமாக உடையும், அல்லது அப்படியே உறைந்து நிற்கும். ஆகவே இன்று உங்கள் பெட்டியில் புள்ளியோ நிழலோ தெரிந்தால், கேபிள்காரரையோ மாடியிலுள்ள டிஷ்ஷையோ குறை சொல்லிப் பயனில்லை. கோளாறு பாக்ஸுக்கும் டி.வி.க்கும் இடையேயுள்ள கடைசி ஒரு மீட்டர் ஒயரில்தான் இருக்க வேண்டும்.

கடைசி ஒரு மீட்டர்

செட்-டாப் பாக்ஸைப் பழைய டி.வி.யோடு இணைக்க இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, ஆன்டெனா துவாரத்தில் செருகும் தடித்த ஒயர். மற்றது, மஞ்சள், வெள்ளை, சிவப்பு என்று மூன்று முனை கொண்ட ஏ.வி. ஒயர். முதல் வழியில் பாக்ஸ் படத்தை ஒரு சின்ன ஒளிபரப்பாக மாற்றுகிறது, டி.வி. அதை மறுபடி பிரித்தெடுக்கிறது. இந்தப் போக்குவரத்தில் கூர்மை குறையும். உங்கள் பெட்டியின் பின்னாலோ முன்மூடிக்கு உள்ளேயோ மஞ்சள் துவாரம் இருந்தால் தயங்காமல் ஏ.வி. ஒயருக்கு மாறிவிடுங்கள். அந்தத் துவாரமே இல்லாத மிகப் பழைய பெட்டிகளுக்கு ஆன்டெனா வழிதான். அங்கே டி.வி.யின் ட்யூனிங்கை மெல்லத் திருப்பி, எழுத்து மிகத் தெளிவாகும் இடத்தில் நிறுத்த வேண்டும்.

ஏ.வி. ஒயரிலும் தொல்லைகள் உண்டு. படத்தைச் சுமப்பது மஞ்சள் முனை. அதன் வெளி வளையம் தளர்ந்தால் படத்தில் பட்டை பட்டையாக நிழல் ஓடும். ஒரே பாக்ஸிலிருந்து மஞ்சள் ஒயரை இரண்டாகப் பிரித்துக் கூடத்துக்கும் உள்ளறைக்கும் கொடுத்தால் இரண்டு இடத்திலும் படம் இருளடைந்து சோர்ந்து போகும். நிறமே இல்லாமல் கறுப்பு வெள்ளையாக வந்தால், பாக்ஸின் அமைப்பில் 'பால்' முறைக்குப் பதிலாக 'என்.டி.எஸ்.சி.' முறை தேர்வாகியிருக்கிறதா என்று பாருங்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இப்போதைய நிகழ்ச்சிகள் அகலத் திரைக்காகத் தயாராகின்றன. அடியில் ஓடும் செய்தி வரிகளின் எழுத்துகள் மிகச் சிறியவை. அவற்றைப் பழைய 4:3 திரையில் சுருக்கும்போது, பெட்டி எத்தனை ஆரோக்கியமாக இருந்தாலும் எழுத்து கலங்கத்தான் செய்யும். முகங்கள் தெளிவாக இருந்து ஓடும் எழுத்து மட்டும் படிக்க முடியவில்லை என்றால் அது பெட்டியின் வியாதியல்ல. பாக்ஸின் அமைப்பில் திரை வடிவத்தை மாற்றிப் பார்த்தால் ஓரளவு சரியாகும்.

கண்ணாடியின் முகம்

சிரிக்காதீர்கள். நான் போய்ப் பார்த்த மங்கல்களில் கணிசமானவை ஈரத் துணியால் தீர்ந்தவை. பிக்சர் டியூபுக்குள் இருக்கும் உயர் மின்னழுத்தத்தால் முன்கண்ணாடி தூசியை இழுத்துக்கொண்டே இருக்கும். நம் மும்பை வீடுகளில் சமையலும் டி.வி.யும் பல இடங்களில் ஒரே அறையில். தாளிக்கும் எண்ணெய்ப் புகை, ஊதுபத்திப் புகை, கடற்காற்றின் பிசுபிசுப்பு எல்லாம் சேர்ந்து கண்ணாடிமேல் ஒரு பால் ஆடை போலப் படிந்துவிடும். தினமும் பார்ப்பவர்களுக்கு அது தெரிவதில்லை. பெட்டியை அணைத்து, பிளக்கைப் பிடுங்கி, சிறிது நேரம் கழித்து, நன்றாகப் பிழிந்த மெல்லிய துணியால் துடையுங்கள். தண்ணீரைக் கண்ணாடிமேல் நேராகத் தெளிக்கக் கூடாது. வழிந்து உள்ளே போகும். கண்ணைக் காக்கும் என்று முன்பு மாட்டிய பிளாஸ்டிக் தகடு இன்னும் இருந்தால் கழற்றிவிடுங்கள். அது காலப்போக்கில் பழுப்பேறிக் கீறல் விழுந்து மங்கலைக் கூட்டும்.

துடைத்த பிறகு 'கான்ட்ராஸ்ட்', 'பிரைட்னஸ்' இரண்டையும் பாருங்கள். பலர் இரண்டையும் கடைசிவரை ஏற்றி வைத்திருப்பார்கள். எலக்ட்ரான் கற்றையின் வலு ஏற ஏற அது திரையில் போடும் புள்ளியும் பருத்துவிடும். வெள்ளைச் சட்டை போட்டவரின் ஓரம் வீங்கித் தெரியும். கான்ட்ராஸ்ட்டை முக்கால் அளவுக்கு இறக்கினாலே கூர்மை திரும்பிவிடுவதைக் காணலாம்.

மழைக்கால மங்கல்

இப்போது மும்பைக்கே உரிய வியாதிக்கு வருகிறேன். ஜூன் பிறந்து மழை பிடித்தால் எங்கள் சர்வீஸ் சென்டரில் போன் ஓயாது. புகார் ஒரே மாதிரி இருக்கும். "காலையில் போட்டால் படம் ஒரே மங்கல். எழுத்தே படிக்க முடியவில்லை. அரை மணி நேரத்தில் தானாகத் தெளிந்துவிடுகிறது."

இதன் காரணத்தைத் தெரிந்துகொள்ள டியூபின் உள்ளே சற்று எட்டிப் பார்க்க வேண்டும். டியூபின் கழுத்திலிருந்து எலக்ட்ரான் கற்றை கிளம்பித் திரையில் மோதுகிறது. கலர் டியூபில் அதை இழுக்கும் மின்னழுத்தம் 25,000 வோல்ட் அளவில் இருக்கும். வழியில் அந்தக் கற்றையை ஊசி முனை போல் குவிப்பதற்கு இன்னொரு மின்னழுத்தம் தேவை. அது 6,000 முதல் 8,000 வோல்ட் வரை. இதுதான் ஃபோகஸ் வோல்டேஜ். எல்.ஓ.டி. எனப்படும் உயர் அழுத்த டிரான்ஸ்ஃபார்மரிலிருந்து ஒரு தனி ஒயரில் வந்து, டியூபின் வால்பக்கத்தில் மாட்டியிருக்கும் சாக்கெட் வழியாக உள்ளே போகிறது.

அந்தச் சாக்கெட்டுக்குள் மின்பொறி பாய்ந்தால் டியூபைக் காப்பாற்ற ஒரு சிறு இடைவெளி வைத்திருப்பார்கள். மும்பையின் ஈரக்காற்றில் அந்த இடத்து உலோகம் பச்சைக் களிம்பு பூத்துவிடும். களிம்பும் ஈரமும் சேர்ந்தால் ஃபோகஸ் வோல்டேஜ் அதன் வழியே கசியும். ஆயிரக்கணக்கான வோல்ட்டில் சில நூறு குறைந்தாலே போதும், ஊசி முனை பஞ்சாகிவிடும். பெட்டி ஓடிச் சூடேறினால் ஈரம் காய்கிறது, கசிவு குறைகிறது, படம் தெளிகிறது. மறுநாள் காலை மறுபடி பழைய கதை. ஒவ்வொரு மழைக்கும் தெளிய எடுக்கும் நேரம் கூடிக்கொண்டே போகும்.

செம்பூரில் ஒரு குடும்பத்துக்கு இதே தொல்லை. வந்து பார்த்த ஒரு மெக்கானிக், எல்.ஓ.டி.யிலுள்ள ஃபோகஸ் திருகைத் திருப்பிப் படத்தைத் தெளிவாக்கிவிட்டுப் போனார். அன்று சரி. மறுநாள் பெட்டி சூடானதும் படம் எதிர்ப்பக்கமாக மங்கியது. இரண்டாவதாக வந்தவர் பிக்சர் டியூப் போய்விட்டது என்று விலை சொன்னார். அந்த விலையில் பாதி புதுப் பெட்டியே வந்துவிடும். நான் போனபோது வீட்டுக்காரம்மாவிடம் கேட்டது ஒரே கேள்வி: "காலையில் மங்கலாக இருக்கும்போது வெளிச்சம் குறைவாக இருக்கிறதா, வழக்கம்போல் இருக்கிறதா?" "வெளிச்சமெல்லாம் நன்னாத்தான் இருக்கு. எழுத்துதான் கரைஞ்சு போறது" என்றார். அந்தப் பதிலிலேயே விடை இருந்தது. சாக்கெட்டை மாற்றினேன். டியூபின் விலையோடு பார்த்தால் அதன் விலை ஒரு கைச்செலவு. அந்தப் பெட்டி அதன் பிறகு ஆறு மழைக்காலம் பார்த்தது.

அந்தக் கேள்வியை ஏன் கேட்டேன் என்றால், தளர்ந்துபோன டியூபும் சூடேறச் சூடேறத்தான் தேறும். இரண்டும் பார்வைக்கு ஒன்றுபோல் இருக்கும். வித்தியாசம் வெளிச்சத்தில் இருக்கிறது. வெளிச்சம் முழுதாக இருந்து கூர்மை மட்டும் போனால் ஃபோகஸ் கோளாறு. படமே இருண்டு சோம்பி எழுந்து, வெள்ளைப் பகுதிகள் சாம்பல் பூசியது போல் தேய்ந்து தெரிந்தால் டியூபின் தளர்ச்சி. இந்த ஒரு வித்தியாசத்தைத் தெரிந்து வைத்திருந்தால் ஆயிரக்கணக்கில் ஏமாறாமல் தப்பலாம்.

டியூப் உண்மையிலேயே தளர்ந்தால்

எலக்ட்ரானைக் கக்கும் கேத்தோடின் மேற்பூச்சு, ஆண்டுகள் ஓட ஓடத் தேயும். அதைச் சூடேற்றும் இழைக்குக் கொடுப்பது 6.3 வோல்ட். அதைச் சற்றே கூட்டிக் கொடுத்து, தளர்ந்த டியூபிலிருந்து இன்னும் சில மாதம் வேலை வாங்கும் தந்திரம் பழைய மெக்கானிக்குகள் எல்லாருக்கும் தெரியும். அது களைத்த மாட்டைச் சாட்டையால் ஓட்டுவது போன்றது. கொஞ்ச தூரம் போகும், பிறகு படுத்துவிடும். கலர் டியூபில் மூன்று கேத்தோடு. அவற்றில் ஒன்று மட்டும் தளர்ந்தால் படம் முழுவதும் ஒரு நிறம் தூக்கலாகவும் இன்னொன்று மங்கலாகவும் தெரியும்.

எழுத்துகளின் ஓரத்தில் சிவப்பும் நீலமுமாகப் பிரிந்து தெரிந்தால் மூன்று கற்றைகளும் ஒரே இடத்தில் சேரவில்லை என்று பொருள். கழுத்திலுள்ள காந்த வளையங்களை நகர்த்திச் சரிசெய்யலாம். அது கைப்பழக்கமுள்ளவர் செய்ய வேண்டிய வேலை. திரையின் மூலையில் பச்சையோ ஊதாவோ திட்டாகத் தெரிந்தால், பக்கத்தில் பெரிய ஸ்பீக்கர் இருக்கிறதா பாருங்கள். அதன் காந்தம்தான் காரணம். ஸ்பீக்கரைத் தள்ளி வைத்து, பெட்டியை அரை மணி நேரம் மெயின் சுவிட்சில் அணைத்துவிட்டுப் போடுங்கள். ஒவ்வொரு முறை குளிர்ந்த நிலையில் போடும்போதும் உள்ளே ஒரு கம்பிச் சுருள் திரையின் காந்தத்தைத் துடைத்துவிடும்.

புது பிக்சர் டியூப் இந்தியாவில் செய்வதை நிறுத்திப் பல ஆண்டுகள் ஆகிவிட்டன. டியூப் நிஜமாகவே போய்விட்டால் பெட்டிக்கு விடை கொடுப்பதே முறை. அதையும் ஒழுங்காகச் செய்ய வேண்டும். டியூபின் பின்பக்கக் கூம்புக் கண்ணாடியில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு ஈய ஆக்ஸைடு. செம்புக் கம்பிக்காக அதை வெறுங்கையால் உடைப்பவர்கள் பெரும்பாலும் ஏழைப் பிள்ளைகள். 2012 மே முதலே மின்னணுக் குப்பைக்கென்று சட்ட விதிகள் நடைமுறைக்கு வந்துவிட்டன. பதிவு பெற்ற மறுசுழற்சி நிறுவனத்திடம் கொடுங்கள். கிடைக்கும் நாலு காசைப் பார்த்து எடைக்குப் போடாதீர்கள்.

பின்மூடியைத் திறக்காதீர்கள்

பெட்டியை அணைத்துவிட்டால் உள்ளே மின்சாரம் இல்லை என்று நினைப்பது தவறு. பிக்சர் டியூபே ஒரு பெரிய கண்டன்சர். அணைத்த பிறகும் ஆயிரக்கணக்கான வோல்ட்டை அது பிடித்து வைத்திருக்கும். பவர் சப்ளையிலுள்ள கண்டன்சரில் 300 வோல்ட்டுக்கு மேல் தங்கியிருக்கலாம். டியூபின் கழுத்து மெல்லிய கண்ணாடி. ஸ்பேனர் பட்டாலே உடையும். உள்ளே இருப்பது வெற்றிடம். உடைந்தால் கண்ணாடிச் சில்லு எந்தப் பக்கம் பாயும் என்று சொல்ல முடியாது. ஃபோகஸ் திருகு ஒன்றுதானே என்று ஆசைப்பட வேண்டாம். அதற்குப் பக்கத்திலேயே அதே மாதிரி இன்னொரு திருகு இருக்கும். அதைத் திருப்பினால் படம் வெளுத்துக் கோடு பாய்ந்துவிடும். இந்த எல்லைக்கு அப்பால் பழகிய கை வேண்டும்.

சங்கிலியின் கடைசிக் கண்ணி

பாக்ஸ் சரி, ஒயர் சரி, கண்ணாடி சரி, டியூபும் சரி. ஆனாலும் மங்கல் என்றால்?

தாராவியில் ஓர் ஆச்சி. திருநெல்வேலிப் பக்கம். பேரன் கூப்பிட்டதால் போனேன். அதற்குள் இரண்டு பேர் வந்து பார்த்துவிட்டுப் போயிருந்தார்கள். ஒருவர் ஒயரை மாற்றியிருந்தார், இன்னொருவர் ஃபோகஸைத் திருகியிருந்தார். "பனி மூட்டம் மாதிரில்லா தெரியுது தம்பி. ஒருத்தனுக்கும் சரி பண்ணத் தெரியலை" என்றார் ஆச்சி. நான் ஒலிப் பொத்தானை அழுத்திப் பார்த்தேன். எழுத்து கூர்மையாக இருந்தது. பேரனைக் கேட்டேன். "எனக்கு நல்லாத்தான் தெரியுது, பாட்டிதான் சொல்லுறாங்க" என்றான். டி.வி.க்குப் பக்கத்துச் சுவரில் தினசரிக் காலண்டர் தொங்கியது. "ஆச்சி, இன்னைக்கு என்ன தேதி போட்டிருக்கு?" என்று கேட்டேன். ஆச்சி கண்ணை இடுக்கிக்கொண்டு பார்த்துவிட்டு, "அது சாயம் போன காலண்டர்லா" என்றார்.

ஒரு கண்ணைப் பொத்திப் பார்க்கச் சொன்னேன். பிறகு மற்றதை. வலக்கண்ணில் ஏறக்குறைய ஒன்றுமே தெரியவில்லை. இரண்டு கண்ணிலும் புரை. பகல் முழுவதும் தனியாக இருந்தவருக்குப் பார்வை சிறுகச் சிறுகக் குறைந்ததை வீட்டில் யாரும் கவனிக்கவில்லை. அவரே கவனிக்கவில்லை. குற்றம் முழுவதும் பெட்டியின் தலையில் விழுந்திருந்தது. அறுவை சிகிச்சை ஆன பிறகு நான் அந்தப் பக்கம் போயிருந்தேன். அதே பெட்டி, அதே தொடர். "இந்தப் பிள்ளை கெட்டியிருக்கது நீலச் சேலையா! நான் இத்தனை நாளும் பச்சைன்னுல்லா நெனச்சேன்" என்று ஆச்சி சொன்னார். புரை விழுந்த கண்ணுக்குப் பழுப்புக் கண்ணாடி வழியே பார்ப்பது போல நிறங்கள் மாறித் தெரியும். நீலம் அதில்தான் முதலில் தொலையும்.

குழந்தைகள் விஷயமும் இப்படித்தான். எத்தனை அதட்டினாலும் ஒரு பிள்ளை டி.வி.க்கு அருகே போய்ப் போய் உட்கார்ந்தால், அது பிடிவாதமாகவே இருக்க வேண்டும் என்பதில்லை. தூரப் பார்வை தெரியாமல் இருக்கலாம். பள்ளியில் கரும்பலகையும் அப்படித்தான் தெரிந்துகொண்டிருக்கும்.

மெக்கானிக்கைக் கூப்பிடும் முன்

ஆகவே வாசகர்களே, படம் மங்கினால் ஒரு தாளில் ஐந்து பதில்களை எழுதிக்கொள்ளுங்கள். ஒன்று: டி.வி. காட்டும் எண்ணும் ஒலிக்கோடும் தெளிவா, மங்கலா? இரண்டு: போட்டவுடன் மங்கலாக இருந்து பிறகு தெளிகிறதா, எப்போதும் ஒன்றுபோல் இருக்கிறதா? மூன்று: வெளிச்சம் குறைந்திருக்கிறதா, கூர்மை மட்டும்தானா? நான்கு: பாக்ஸ் இணைந்திருப்பது ஆன்டெனா துவாரத்திலா, மஞ்சள் துவாரத்திலா? ஐந்து: வீட்டிலுள்ள எல்லாருக்கும் மங்கலா, ஒருவருக்கு மட்டுமா?

முதல் நான்கு பதில்களையும் போனிலேயே சொன்னால், தொழில் தெரிந்த மெக்கானிக் தேவையான சாமானோடு வந்து ஒரே நடையில் வேலையை முடிப்பார். தெரியாதவர், கேள்வி கேட்கும் வாடிக்கையாளரிடம் டியூபின் பேரைச் சொல்லக் கொஞ்சம் யோசிப்பார். ஐந்தாவது பதில் 'ஒருவருக்கு மட்டும்' என்று இருந்தால், மெக்கானிக்குக்குப் போன் செய்ய வேண்டாம். அவரை அழைத்துக்கொண்டு அந்த வாரமே கண் டாக்டரிடம் போங்கள்.